லாட்ஜ் ரூமில் பொருள் காணோம்: விட்டுவிடுவதா, மேனேஜரிடம் பேசுவதா, ஸ்டேஷனுக்குப் போவதா?

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரருக்குத் துணையாக வந்தவர், சௌகார்பேட்டையில் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தவர், ஹைகோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தவர். சென்னையில் மண்ணடி, பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு லாட்ஜ்களின் ரிஜிஸ்டரைப் புரட்டினால் இவர்கள்தான் அதிகம். காலையில் ரூமைப் பூட்டிவிட்டுப் போய், சாயங்காலம் திரும்பிப் பையைத் திறக்கிறார்கள். நோட்டுக்கட்டில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் குறைகிறது, அல்லது பவர் பேங்க் இல்லை, அல்லது மின்ட் தெருவில் வாங்கிய கொலுசு டப்பா மட்டும் இருக்கிறது, கொலுசு இல்லை.

அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தொகைக்குப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதா, மேனேஜரிடம் சொல்லி முடித்துக்கொள்வதா, போனது போகட்டும் என்று ரயில் ஏறுவதா? தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால்தான் பலர் தவறான வழியில் போகிறார்கள். எட்டாயிரம் ரூபாய்ப் பணம் போனவர் மேனேஜரோடு நிறுத்திக்கொண்டதில் நியாயம் இருக்கலாம். ஆயிரம் ரூபாய் பெறாத பழைய போன் போனவர் கட்டாயம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

## எந்த வழியானாலும் முதல் அரை மணி நேரம்

"திருட்டு" என்ற சொல் வாயில் வருவதற்கு முன்னால் "காணோம்" என்ற சொல் வரட்டும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து, தலையணை உறையின் உள்பக்கம், பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழ்த் தட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டையின் பாக்கெட், பையின் பக்கவாட்டு ஜிப் என ஒன்று விடாமல் பாருங்கள்.

நகை என்றால் இன்னொரு இடம் உண்டு: அழுக்குத் துணி மூட்டை. குளிக்கப் போகும்முன் கழற்றி மெத்தைமேல் வைத்த மோதிரம், கம்மல் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ரூம் பாய் விரிப்பின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் உருவி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே முடிச்சுப் போட்டு மாடிப்படி ஓரத்தில் எறிந்துவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுவார். ஒரு நாளைக்கு இருபது, முப்பது ரூம் பார்ப்பவருக்கு அதற்குத்தான் நேரம் இருக்கும். மூட்டை சலவைக்குக் கிளம்பும் முன்பே ரிசப்ஷனில் சொல்லி, உங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு விரிப்பாக உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டை கிளம்பிவிட்டால் சலவைக்கு எடுத்துப்போனவருக்கு உடனே போன் போட வைக்க வேண்டும்.

தேடியும் கிடைக்கவில்லையென்றால், எதையும் ஒழுங்குபடுத்துவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். பூட்டு, நாதாங்கியின் ஸ்க்ரூ, ஜன்னல் கொக்கி, பை திறந்து கிடக்கும் கோலம் எல்லாம் படத்தில் இருக்கட்டும். நாதாங்கி ஸ்க்ரூவில் புதிய கீறல் இருந்தால் கிட்டத்தில் ஒரு படம், கதவு முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு படம்.

ரூம் பாயின் பையை நீங்களே திறந்து பார்ப்பது, சட்டையைப் பிடிப்பது, ரூமுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்துவது எதுவும் கூடாது. அடித்தால் அதுவே உங்கள்மேல் தனி வழக்கு. அவர் எடுக்கவே இல்லையென்றால் நீங்கள் செய்தது ஒரு ஏழைத் தொழிலாளிக்குச் செய்த அநியாயம். பல லாட்ஜ்களில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் பதில் சொல்லத் தடுமாறுவதைக் குற்றத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

போனது என்ன? பணம் போனால் பணத்தோடு போயிற்று. போன், சிம், ஏ.டி.எம். கார்டு, செக் புக், ஆதார், கடைச் சாவி போனால் இன்னொருவர் கையில் உங்கள் பெயர் போயிருக்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் "அன்றைக்கே புகார் கொடுத்தேன்" என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

காகிதம் யாராவது கேட்பார்களா? திருடுபோன போனின் ஐ.எம்.இ.ஐ.யை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கப் போலீஸ் புகார் நகல் வேண்டும். உடைமைக் காப்பீடு எடுத்திருந்தால் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள். கம்பெனிப் பணமோ கம்பெனி லேப்டாப்போ போனால் ஆபீசில் கேட்பார்கள்.

தடயம் எத்தனை நாள் இருக்கும்? இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வராந்தாவில் கேமரா இருப்பதைப் பார்த்ததும் "ஊருக்குப் போய் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள். ஒரு 2 மெகாபிக்சல் கேமரா பழைய ஹெச்.264 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. ஆகும். எட்டு கேமராவுக்கு 170 ஜி.பி. பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியில் 1 டி.பி. டிஸ்க் இருந்தால் ஆறு நாளில் நிரம்பி, பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். 500 ஜி.பி. என்றால் மூன்று நாள்தான். யாரும் வேண்டுமென்றே அழிக்கத் தேவையில்லை, தானாகவே அழிந்துவிடும். கரண்ட் போய் வந்ததில் டி.வி.ஆர். கடிகாரம் தவறாக ஓடுவதும் சாதாரணம். திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். பின்னால் "அந்த நேரத்தில் யாரும் வரவில்லையே" என்ற பேச்சு வராது.

பூட்டு என்ன சொல்கிறது? உடைந்திருந்தால் வெளியாள். பழுதில்லாமல் இருந்தால் டூப்ளிகேட் சாவி, அல்லது நீங்களே சரியாகப் பூட்டாதது, அல்லது கூடத் தங்கியவர். கார்டு போட்டுத் திறக்கும் பூட்டாக இருந்தால் எந்த கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்ற பதிவு பெரும்பாலும் பூட்டிலேயே இருக்கும். அதை எடுத்துத் தரச் சொல்லலாம்.

உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? சென்ட்ரலில் ராத்திரி ரயில் இருக்கிறதா, இன்னும் இரண்டு நாள் தங்குகிறீர்களா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

## வழி 1: விட்டுவிட்டுக் கிளம்புவது

சார்ஜர், இயர்போன், சென்ட் பாட்டில், ஐந்நூறு ரூபாய். ரயிலுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை, அடையாளம் தொடர்பான எதுவும் போகவில்லை. அப்போது இது சரியான முடிவு, கோழைத்தனமில்லை. இன்னொரு நாள் ரூம் வாடகை, ரத்தான டிக்கெட், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாத நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் போன பொருளைவிட அதிகமாகும்.

ஆனால் வாய் திறக்காமல் போகாதீர்கள். மேனேஜரிடம் "இன்ன ரூமில் இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் நடுவில் இது காணாமல் போயிருக்கிறது" என்று பெயர் எதுவும் இழுக்காமல் சொல்லுங்கள். புகார்ப் புத்தகம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த வாரம் அதே ரூமில் இன்னொருவருக்கும் இப்படி ஆனால், உங்கள் இரண்டு வரிதான் அவர் சொல்லுக்கு வலு.

இந்த வழியின் மறைந்த செலவு எண்ணாமல் கிளம்புவதில் இருக்கிறது. மேல் தாளும் அடித் தாளும் அப்படியே இருக்க, நடுவில் உருவுவது பழைய வித்தை. கொத்தவால் சாவடியிலோ கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலோ பணத்தை நீட்டும்போதுதான் குறைவது தெரியும். அதற்குள் ரூமில் போனதா, பஸ்ஸில் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. விட்டுவிடுவதாக இருந்தாலும் எண்ணிப் பார்த்துவிட்டு விடுங்கள்.

## வழி 2: மேனேஜரோடு பேசி முடிப்பது

பூட்டு பழுதில்லை, பொருள் ஓரளவு மதிப்புள்ளது, இன்னும் ஒரு நாளாவது தங்குகிறீர்கள். இந்தச் சூழலில் அதிகம் பலன் தருவது இதுதான். பொருள் பெரும்பாலும் இன்னும் கட்டடத்துக்குள்தான் இருக்கும். ஷிப்ட் மாறும்வரை வெளியே கொண்டுபோக வழியில்லை. அதனால் ஷிப்ட் மாறுவதற்கு முன் சொல்வது முக்கியம்.

பேசும் விதத்தில் பாதி காரியம் இருக்கிறது. ரிசப்ஷனில் நாலு பேர் முன்னால் கத்தினால் மேனேஜர் லாட்ஜின் பெயரைக் காக்கத்தான் பார்ப்பார். தனியாக அழைத்து, "சார், ரூமை இன்னொரு தடவை உங்கள் ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நான் ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். எடுத்தவர் திருப்பி வைக்க ஒரு வாசல் திறந்திருக்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து பொருள் "கிடைத்து"விட்டால் அதற்குமேல் கிளறாமல் வாங்கிக்கொள்வதே நல்லது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். கேமரா பதிவை அழியாமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்வது. டூப்ளிகேட் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பது. ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, நகலில் மேனேஜர் கையெழுத்தும் லாட்ஜ் சீலும் வாங்குவது. சீல் தர மறுத்தால் அதே விவரத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும்.

"உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையை மேனேஜர் காட்டுவார். ரிசப்ஷனில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்த பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148, 151 பிரிவுகளின்படி, ஒப்படைத்த பொருளைத் தன் சொந்தப் பொருள்போல் கவனிக்க வேண்டியது வாங்கியவர் கடமை. நிறுத்தித் தருகிறோம் என்று சாவி வாங்கிய காரைப் பறிகொடுத்த ஓட்டல் ஒன்றின் வழக்கில், 2019ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பொருளைக் கையில் வாங்கிய பிறகு, தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு "உரிமையாளர் பொறுப்பு" என்ற வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது. ரூமில் நீங்களே வைத்துவிட்டுப் போன பொருளுக்கு நிலைமை வேறு. அங்கே லாட்ஜின் கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும்: பழுதான ஜன்னல் கொக்கி, கணக்கில்லாத டூப்ளிகேட் சாவி, பலகை மட்டும் தொங்கி வேலை செய்யாத கேமரா.

வாடகையைக் கழிக்கிறேன் என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது யார் பணம்?" சில இடங்களில் அந்தத் தொகை அன்றைக்கு வேலையில் இருந்த ரூம் பாயின் சம்பளத்தில் பிடிக்கப்படும். எடுத்தது அவர்தான் என்று யாருக்கும் தெரியாமலே பிடிப்பார்கள். நிர்வாகக் கணக்கில் கழித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் சம்பளத்தில் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். எடுத்தவர் யார் என்று விசாரிப்பது போலீஸ் வேலை. அனுமானத்தில் ஒருவர் வயிற்றில் அடிப்பதில் நமக்குப் பங்கு வேண்டாம்.

## வழி 3: போலீசுக்குப் போவது

போன், நகை, ஆவணம், உடைந்த பூட்டு, பெரிய தொகை, டார்மிட்டரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்மேல் சந்தேகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இதுதான் வழி. பெரியமேடு, யானைகவுனி, பூக்கடை, எஸ்பிளனேடு, வடக்கு கடற்கரை என்று இந்தப் பக்கம் நடக்கும் தூரத்திலேயே ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தெருவுக்குத் தெரு எல்லை மாறும். எது தங்கள் ஸ்டேஷன் என்று ரிசப்ஷனுக்குத் தெரியும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் இருக்கும் ஓய்வறையில் போனால் ரயில்வே போலீஸ்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு கோடு இருக்கிறது. சாதாரணத் திருட்டு 303ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. அதில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, எடுத்தவருக்கு அது முதல் தண்டனையாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. இந்த வகையில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாகப் புலன்விசாரணையில் இறங்க முடியாது. ஆனால் மனிதர் தங்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு 305ஆம் பிரிவு தனியாக உண்டு, 7 ஆண்டு வரை. அதற்கு இந்த 5,000 ரூபாய்க் கோடு கிடையாது. ஆகவே புகாரில் "பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டுச் சென்றேன், திரும்பியபோது இல்லை" என்ற வரி தெளிவாக இருக்க வேண்டும். "பொருள் தொலைந்துவிட்டது" என்று எழுதினால் புகார் அங்கேயே நின்றுவிடும்.

புகாரில் இருக்க வேண்டியவை: லாட்ஜ் பெயர், ரூம் நம்பர், வந்த தேதி, வெளியே போன நேரம், திரும்பிய நேரம், பூட்டு இருந்த நிலை, பொருளின் அடையாளம், மதிப்புக்கு ஆதாரம், மேனேஜரிடம் சொன்ன நேரம். பணம் என்றால் ஏ.டி.எம்.மில் எடுத்த எஸ்.எம்.எஸ். நகை என்றால் பில், போட்டுக்கொண்டிருந்த போட்டோ. போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. நம்பர், அது வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். சரக்கு எடுக்க வருகிறவர்கள் சிக்குவது இந்த ஆதாரத்தில்தான்: வரிக்குப் பயந்து கச்சா பில்லில் வாங்கிய பொருளின் மதிப்பை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "மதியம் ரூம் சுத்தம் செய்யப்பட்டது" என்பது தகவல். "ரூம் பாய்தான் எடுத்தான்" என்பது குற்றச்சாட்டு.

முதலில் கையில் தருவது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை. போனை முடக்கவும் ஆபீசில் காட்டவும் பெரும்பாலும் அது போதும். காப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிவு செய்ய மறுத்தால் புகாரைத் துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

போன் விஷயத்தில் வரிசை முக்கியம். இன்னொரு போனிலிருந்து முதலில் சிம்மையும், அடுத்து வங்கியில் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. பிறகு புகார். புதிய சிம் வாங்கியதும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ.யை முடக்கப் போவீர்கள். அங்கே ஓ.டி.பி. வராது. மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராமல் வைத்திருப்பார்கள். தளம் கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடாமல் மறுநாள் திரும்பச் செய்யுங்கள்.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. போன்றவை எங்கே விழுந்தன என்றே தெரியாதபோது ஸ்டேஷன் தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே பதிந்து எடுக்கலாம். திருட்டுக்கு அது ஈடாகாது.

இந்த வழியின் மறைந்த செலவு பொருள் கிடைத்த பிறகு வரும். வழக்குச் சொத்து என்று கோர்ட்டுக்குப் போகும். மனுப் போட்டு, ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப வாங்க முடியும். சாட்சி சொல்ல வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கும். மனம் மாறி "புகார் வேண்டாம்" என்றாலும் எஃப்.ஐ.ஆரை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது.

## வழி 4: நுகர்வோர் ஆணையம்

இது ஊருக்குத் திரும்பிய பிறகு எடுக்கும் வழி. லாட்ஜின் கவனக்குறைவுக்குக் கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இதற்காகச் சென்னைக்கு வரத் தேவையில்லை. நீங்கள் கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசி, லாட்ஜுக்கு 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே முடிகிறது.

பெரிய இடறல் ஒன்று உண்டு: "பில் வேண்டாமென்றால் நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்" என்று செக்-இன் செய்யும்போது சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால், நீங்கள் அங்கே காசு கொடுத்துத் தங்கியதற்கே ஆதாரம் இல்லை. யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் தப்பித்தீர்கள்.

ஆப் மூலம் புக் செய்தவர்கள் அதிலும் புகார் போடலாம். திருட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள், அதிகபட்சம் வாடகை திரும்பும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| வழி | எப்போது சரி | ஆகும் நேரம் | கையில் கிடைப்பது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| விட்டுவிடுவது | சில்லறைப் பொருள், உடனே ரயில் | 10 நிமிடம் | ஒன்றுமில்லை | போனது என்ன என்றே முழுதாகத் தெரியாமல் போவது |
| மேனேஜர் | பூட்டு பழுதில்லை, ஷிப்ட் மாறவில்லை | 2, 3 மணி நேரம் | பொருளே கிடைக்கலாம், சீல் வைத்த கடிதம் | பழி அறியாதவர் சம்பளத்தில் விழலாம் |
| போலீஸ் | போன், நகை, ஆவணம், உடைந்த பூட்டு | அரை நாள், பின் விசாரணை | சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகல் | கோர்ட் அலைச்சல், திரும்பப் பெற முடியாமை |
| நுகர்வோர் ஆணையம் | லாட்ஜின் தவறுக்கு ஆதாரம் உண்டு | பல மாதம் | இழப்பீட்டு உத்தரவு | பில் இல்லையென்றால் எல்லாம் வீண் |

இரண்டாவது வழியைத் தொடங்கிவிட்டால் மூன்றாவது மூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மேனேஜரிடம் வாங்கிய சீல் வைத்த கடிதமே ஸ்டேஷனில் உங்கள் முதல் ஆதாரம். ஆனால் மேனேஜருக்கு நீங்கள் தரும் கெடு ஷிப்ட் மாறும் நேரத்தைத் தாண்டக்கூடாது. "நாளைக்குக் காலையில் ஓனர் வருவார்" என்ற பதிலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு மறுநாள் ஓனரும் வரவில்லை, அன்றைக்கு வேலையில் இருந்தவரும் வரவில்லை.

## ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, போனது போன்

வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம், ஆகவே ஒன்றரை மணி நேரம் உங்களுடையது. ரிசப்ஷன் போனிலிருந்து சிம்மையும் வங்கியையும் முடக்க இருபது நிமிடம். படங்கள், டி.வி.ஆர். நேரம், மேனேஜர் கையெழுத்துக்கு அரை மணி. கூட வந்தவர் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரூம் பில்லைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனில் கூட்டமாக இருந்தால் நிற்காமல் ரயில் ஏறுங்கள். 2024 ஜூலைக்குப் பிறகு குற்றம் எங்கே நடந்திருந்தாலும் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே புகாரைப் பதிந்து, அவர்கள் இங்கே அனுப்ப வழி இருக்கிறது. மின்னஞ்சல் போன்ற மின்வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கேமரா பதிவும் ஏறக்குறைய அத்தனை நாள்தான் தாங்கும், அதனால் ஊர் போய் இறங்கிய அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.